அரசாங்கத்துக் காடைகள்

காடைக் குஞ்சுகள் வந்து இறங்கிய அன்று கருத்தப்பாண்டி வீட்டில் இல்லை. அவை முட்டையிடத் தொடங்கிய நாளிலிருந்து அவர் வீட்டைவிட்டு நகரவே இல்லை. இடைப்பட்ட ஒன்றரை மாதமும் எங்கே இருந்தார் என்றால், வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில், நாட்டில் விவசாயம் ஏன் உருப்படவில்லை என்பதை விளக்கிக்கொண்டிருந்தார்.

தேயிலை ஃபேக்டரி கேட்டில் இருபத்தெட்டு வருடம் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கேட்டைத் திறப்பது மூடுவது போக மீதி நேரமெல்லாம் பேசக் கிடைத்ததால் அந்த வேலையில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார். அவர் மனைவி அழகுத்தாய் அதே எஸ்டேட்டில் முப்பத்தோரு வருடம் கொழுந்து எடுத்தவள். மலைச்சரிவில் நின்று இரண்டு கையும் ஓடிக்கொண்டே இருக்கும்போது பேச்சு தானாகச் சுருங்கிவிடும். அவளுக்கும் சுருங்கியிருந்தது. ஓய்வு பெற்றதும் இருவரும் எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, ஆற்றுக்கு மேலே ஆறு சென்ட் நிலத்தில் ஒரு சின்ன வீடு கட்டிக் குடிவந்தார்கள். மகள் மோனிஷா கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டாள்.

கை சும்மா இருப்பது அழகுத்தாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை. மிருக ஆஸ்பத்திரியில் மூன்று நாள் காடை வளர்ப்புப் பயிற்சி என்று கேள்விப்பட்டுப் போனாள். சொல்லிக் கொடுத்தவர் டாக்டர் ஜெஸ்னா. பாலக்காட்டில் தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண் என்பதால், மற்றவர்களுக்கு மலையாளத்தில் ஒருமுறை சொன்னதை இவளுக்குத் தமிழில் இன்னொரு முறை சொன்னார். கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். விண்ணப்பத்தில் குடும்பத் தலைவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்ததாலும், சான்றிதழை அச்சடித்தவர் அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்ததாலும், காடை வளர்ப்பில் மூன்று நாள் பயிற்சி பெற்றவர் கருத்தப்பாண்டி என்று ஆயிற்று. அவர் அதைக் கண்ணாடி போட்டு நடுவீட்டில் மாட்டிக்கொண்டார்.

தேனிப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து இருநூற்றைம்பது குஞ்சுகள் அட்டைப் பெட்டிகளில் பஸ் ஏறி வந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். முதல் நாளே நான்கு, தண்ணீர்த் தட்டில் விழுந்து செத்தன. டாக்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்து, அழகுத்தாய் ஆற்றில் கூழாங்கல் பொறுக்கி வந்து தட்டு நிறையப் பரப்பினாள். அதன்பிறகு குஞ்சுகள் கல்மேல் நின்று இடுக்கில் குடித்தன. அது மூடுபனிக் காலம். குஞ்சுகளுக்குச் சூடு போதாதென்று நான்கு பல்பு கட்டித் தொங்கவிட்டாள்.

"ஒரு பல்பை எங் கட்டிலுக்கு மேல மாத்திக் கட்டேன். மனுசனுக்கும் குளிருமில்ல" என்றார் கருத்தப்பாண்டி. காடைப் பண்ணையைப் பற்றி அந்த ஒன்றரை மாதத்தில் அவர் சொன்ன ஒரே யோசனை அதுதான்.

காடை பயந்துபோனால் பக்கவாட்டில் ஓடாது. நேரே மேலே எம்பும். கம்பிக் கூரையில் மண்டை மோதிச் சாகும். அழகுத்தாய் கூண்டுகளின் உட்கூரை முழுக்கப் பழைய கொழுந்துச் சாக்கைக் கட்டினாள். தீனி போட்டாள், தண்ணீர் மாற்றினாள், காலையும் மாலையும் அடித்தட்டை இழுத்து எச்சம் வழித்தாள். மார்பு செம்பழுப்பாக இருந்தால் சேவல், புள்ளி போட்டிருந்தால் பெட்டை என்று பிரிக்கக் கற்றுக்கொண்டு, அதிகப்படிச் சேவல்களைக் கறிக்கு விற்றாள். ஒருநாள் சாயங்காலம் கூண்டின் சரிவில் ஒரு முட்டை உருண்டு வந்து நின்றது. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது, பேனா மையை உதறிவிட்ட மாதிரி புள்ளிகள். அவள் அதைக் கையில் எடுத்துச் சூடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருத்தப்பாண்டி வாங்கி மேல்துண்டில் முடிந்துகொண்டு டீக்கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் காடை விவசாயியாக மாறியிருந்தார்.

ஆவணி பிறந்ததும் பஞ்சாயத்தில் விவசாயிகளைக் கௌரவிக்கும் விழா. மிளகுக்கு ஆள் இருந்தது, வாழைக்கு இருந்தது, பாலுக்கு இருந்தது. பறவைக்குத்தான் யாருமில்லை. பஞ்சாயத்து மெம்பர் ஜோமோள் மிருக ஆஸ்பத்திரிப் பட்டியலில் இருந்த பெயரை எடுத்துப் போட்டாள். அது கருத்தப்பாண்டி. பொன்னாடை போர்த்தினார்கள். ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். முப்பத்தைந்து நிமிடம் பேசினார்.

"காடை ஒரு பயந்த சீவன். அதோட மனசறிஞ்சு நாம பழகணும். நான் கூண்டுக்கிட்ட போனாப் போதும், அம்புட்டும் என்னையத் திரும்பிப் பாக்கும்" என்றார்.

வந்தவர்களுக்குக் கொடுக்க இருநூறு முட்டை அவித்து உரித்துக்கொண்டு, பந்தலுக்குப் பின்னால் அழகுத்தாய் உட்கார்ந்திருந்தாள். காடைகள் அவரைத் திரும்பிப் பார்த்தது உண்மைதான். யாரோ அந்நியர் வந்துவிட்டார் என்று பார்த்திருக்கும்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மறுவாரம் அவர் ஒரு தகரப் பலகை வாங்கி, குமுளி போகும் மெயின் ரோட்டில் நட்டார். மலையாளம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதியிருந்தது: 'அசல் காட்டுக் காடை. மூலிகை தின்று வளர்ந்தது. கறியும் முட்டையும் இங்கே கிடைக்கும்.'

"இது ஜப்பான் காடைங்க. பண்ணையில பொரிச்சது. கம்பெனித் தீனிதான திங்குது" என்றாள் அழகுத்தாய்.

"ஜப்பான்னு எழுதுனா எவன் வண்டிய நிறுத்துவான்? தேக்கடி பாக்க வாரவன் காட்டத் தேடித்தான வாரான்."

வண்டிகள் நின்றன. எர்ணாகுளத்திலிருந்து வந்தவர்கள் இறங்கி, கூண்டு முன்னால் நின்று போட்டோ எடுத்து, காட்டின் மணம் வருகிறது என்று மூச்சை இழுத்துவிட்டார்கள். வந்தது அடித்தட்டின் மணம். இருந்தாலும் முட்டை வாங்கிப் போனார்கள். கடைசியில், நிற்க வேண்டாத வண்டி ஒன்றும் நின்றது. பச்சை நிற ஜீப்.

இறங்கியவர் வனத்துறை ரேஞ்சர். புதிதாக மாற்றலாகி வந்தவர், இளைஞர், கடமையில் குறை வைக்காதவர். கூடவே வந்த வாட்சர் குருசாமி, கருத்தப்பாண்டிக்குச் சித்தப்பா மகன். அவன் யார் முகத்தையும் பார்க்காமல் கீழே தேயிலைக் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரேஞ்சர் போனில் இருந்த பலகைப் படத்தைக் காட்டினார். கோட்டயத்துக்காரர். தமிழைப் பாதியும் மலையாளத்தைப் பாதியுமாகப் பேசினார்.

"இந்த போர்டு யாரு வெச்சது?"

"நாந்தான். நல்லாருக்கா சார்?" என்றார் கருத்தப்பாண்டி.

"காட்டுக் காடைன்னு எழுதியிருக்கு."

"அசல்னும் எழுதியிருக்கு சார்."

காட்டுப் பட்சியைக் கூண்டில் அடைத்து வைத்தாலும், கொன்றாலும், விற்றாலும் என்ன பிரிவு, எத்தனை வருடம், ஜாமீன் கிடைக்குமா கிடைக்காதா என்று ரேஞ்சர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கேட்கக் கேட்க கருத்தப்பாண்டியின் மேல்துண்டு தோளிலிருந்து கைக்கு வந்தது.

"சார், எனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அகத்து சுவரில் உங்க பேரில சர்டிபிகேட் இருக்கே."

"அது பேரு மட்டுந்தான் சார். கிளாசுக்குப் போனது இவ. குஞ்சு வாங்கினது இவ. கூண்டு கட்டினது இவ. தண்ணித் தட்டுல கல்லுப் போட்டது, கூரைக்குச் சாக்குக் கட்டினது, தீனி வைக்கிறது, ரெண்டு நேரமும் பீ அள்ளுறது, எல்லாமே இவதான். நான் ஒருநாக்கூட அந்தக் கூண்டத் தொட்டதில்ல சார். வேணும்னா தெருவுல கேளுங்க."

இத்தனையையும் அவர் கவனித்திருக்கிறார் என்பதே அழகுத்தாய்க்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இது ஜப்பான் காடைங்க சார்" என்றாள்.

"ஜப்பான் என்னுள்ளதுக்கு என்ன தெளிவு சேச்சி?" தெளிவு என்றால் சாட்சி, ஆதாரம். அவளிடம் இருந்த பில்லில் 'காடைக் குஞ்சு இருநூற்றைம்பது உருப்படி' என்று மட்டும் இருந்தது. ஜப்பான் என்று அச்சடித்திருந்தது குஞ்சு வந்த அட்டைப் பெட்டிகளில்தான். ஒரு மழைநாளில் விறகு நனைந்துபோக, அவற்றை எரித்து வெந்நீர் போட்டுக் குளித்தவர் கருத்தப்பாண்டி.

எல்லாவற்றையும் பறிமுதல் செய்வதாகச் சொல்லி, கருத்தப்பாண்டி சொன்னதையும் சேர்த்து மகஸர் என்ற பறிமுதல் அறிக்கையை எழுத உட்கார்ந்தார்கள். அதற்குக் காடைகளை எண்ண வேண்டியிருந்தது. குருசாமி எண்ணியதில் இருநூற்று நான்கு வந்தது. ஜீப் டிரைவர் எண்ணியதில் இருநூற்றுப் பத்தொன்பது. ரேஞ்சரே குனிந்து எண்ணியதில் இருநூற்றுப் பத்து. அழகுத்தாயிடம் கேட்டால் சரியாகச் சொல்லியிருப்பாள். ஆனால் குற்றவாளியிடம் கேட்பது முறையில்லை. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, இருநூற்றுப் பதினொன்று என்று எழுதினார்கள்.

ஆபீசில் இத்தனை பட்சியை வைக்க இடம் கிடையாது. அதனால், நிபுணர் அறிக்கை வரும்வரை பறவைகள் அழகுத்தாயின் பாதுகாப்பிலேயே இருக்கலாம், விற்கவோ கொல்லவோ கூடாது, எதுவும் சாகவும் கூடாது என்று எழுதி ஒரு நகலை அவளிடம் கொடுத்தார்கள். படிவம் பழையது. தந்தம், தோல், கொம்புக்காக அச்சடித்தது. பலகையைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். அதை மெயின் ரோட்டிலிருந்து பிடுங்கி ஜீப்பில் ஏற்றும் வேலை கருத்தப்பாண்டிக்கு வந்தது.

மறுநாள் காலையில் அழகுத்தாய் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் ஜெஸ்னாவிடம் போனாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"அக்கா, இது ஜப்பான் காடைன்னு எனக்குத் தெரியும். ஆனா அவங்க எழுதிக் கேட்டாத்தான் நான் எழுதிக் கொடுக்க முடியும். லெட்டர் வரட்டும். அதுவரைக்கும் இதுல போட்டிருக்கிறபடி நடந்துக்கோங்க."

"என்ன போட்டிருக்கு டாக்டரம்மா? அம்புட்டும் மலையாளமால்ல இருக்கு."

"பறவை எல்லாம் அரசாங்கச் சொத்து. அதுகளிலிருந்து கிடைக்கிற யாதொரு பொருளும் அரசாங்கச் சொத்து. அதை நீங்க வெச்சுக்கக் கூடாது, ஒப்படைச்சிடணும்."

"யாதொரு பொருளும்னா?"

"எல்லாமும்னு அர்த்தம்" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அழகுத்தாய்க்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. முப்பத்தோரு வருடம் அவள் செய்ததும் அதுதான். செடி எஸ்டேட்டுடையது, கொழுந்தும் எஸ்டேட்டுடையது. எடுத்ததை எடைக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டுத் துண்டுச்சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மாறிவிட்டது முதலாளி மட்டும்தான். முந்தின நாள் மாலை பெட்டைகள் இட்ட நூற்று முப்பத்தெட்டு முட்டைகளை ஒரு தகர டின்னில் வைக்கோல் போட்டு அடுக்கினாள். பஸ் ஏறி ரேஞ்ச் ஆபீசில் இறங்கினாள்.

மேசைமேல் டின் வைக்கப்பட்டதும் ரேஞ்சர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "சேச்சி, இதெல்லாம் வேண்டா. நான் கைக்கூலி வாங்குற ஆளில்ல."

"நான் குடுக்கல சார். இது ஒங்களோடதுதான். நூத்தி முப்பத்தெட்டு. எண்ணிப் பாத்துட்டு ஒப்பு போட்டுத் தாங்க."

காகிதத்தை விரித்து, டாக்டர் காட்டிய வரியின்மேல் விரலை வைத்தாள். ரேஞ்சர் தன் கையெழுத்தை ஒருமுறை பார்த்தார். அதற்கு மேலே இருந்ததை அப்போதுதான் முழுதாகப் படித்தார். கடமையில் குறை வைக்காதவர் என்று முன்பே சொன்னேன். வேறு வழியில்லாமல் எண்ணினார், கையெழுத்தும் தேதியுமாக ஒப்பு போட்டார், ஒரு பழைய துணியில் முட்டைகளைக் கட்டி அரக்கு முத்திரை வைத்துச் சாமான் அறைக்கு அனுப்பினார். அங்கே சந்தனக்கட்டைகளும் துருப்பிடித்த நாட்டுத் துப்பாக்கி ஒன்றும் இருந்தன.

மறுநாள் நூற்று நாற்பத்தொன்று. அதற்கு மறுநாள் நூற்று முப்பத்தாறு. அத்தோடு ஒரு சாக்கு மூட்டையும் வந்தது.

"இது என்ன?"

"எச்சம் சார். மூணு நாளைக்கு உள்ளது. யாதொரு பொருளும்னு போட்டிருக்கில்ல. மொளகுக் கொடிக்குப் போட்டா நல்லா வரும். ஆனா நான் எடுக்கப்படாதே."

ஆபீசில் இருந்த எல்லோரும் ஏதோ அவசர வேலையாக வெளியே போனார்கள். மூட்டையை நிறுத்தி எடை பார்த்து ஒப்புப் போடும்போது ரேஞ்சர் மூச்சு விடவில்லை.

"இன்னொரு சங்கதி சார்" என்றாள் அவள். "தீனி நாளையோட தீருது. அரசாங்கத்துக் காடைக்கு நான் தீனி வாங்கிப் போடலாமா, அதுக்கும் எதும் சட்டம் இருக்கா?"

கூடாது என்று சொன்னால் காடை செத்துவிடும். சாகக் கூடாது என்று எழுதியிருக்கிறது. போடலாம் என்றால் பிற்பாடு செலவைக் கேட்பாள். இரண்டு மணிநேரம் ஃபைல்களைப் புரட்டியதில், அந்த ஆபீசில் தீனி வாங்க அனுமதி இருக்கும் ஒரே பிராணி யானை என்று தெரிந்தது. மறுநாள் குருசாமி ஜீப்பில் வந்து இரண்டு மூட்டை கேழ்வரகு, அரை மூட்டை வெல்லம், ஒரு கட்டு தென்னை மட்டை இறக்கினான்.

"மதினி, கோவிச்சுக்கிராதீக. இருநூத்திப் பதினோரு காடையையும் ஒரு யானைன்னு கணக்குல ஏத்தியிருக்காக" என்றான்.

"நல்லதுதான். கேவுறு திங்கும். வெல்லத்த என்ன செய்ய?"

"அதக் கேக்காதீக. திருப்பிக் கொண்டாந்துட்டா அதுக்கு ஒரு ஒப்பு வேணும்."

முட்டைப் பொட்டணங்கள் சாமான் அறையில் ஏறிக்கொண்டே போயின. வெள்ளிக்கிழமை அறையைத் திறந்தபோது, ஒரு மரநாய் ஓட்டைப் பிரித்து இறங்கி, அரக்கு முத்திரையைக் கடித்து உடைத்து, நூற்றுச் சொச்சம் முட்டையைத் தின்றுவிட்டுப் போயிருப்பது தெரிந்தது. மரநாயும் பாதுகாக்கப்பட்ட பிராணி என்பதால் அதன்மேல் கேஸ் எழுத முடியவில்லை. கெட்டுப்போகும் பொருட்களை அதிகாரியின் முன்னிலையில் அழித்துவிடலாம் என்று விதி இருப்பதை யாரோ கண்டுபிடித்துச் சொன்னார்கள். எப்படி அழிக்க வேண்டும் என்று விதியில் சொல்லவில்லை. வாட்சர்கள் அவித்து, மிளகுத்தூள் போட்டு அழித்தார்கள். முதல் இரண்டு நாள் ஆபீசே சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் நாள் பங்கு பிரிப்பதில் டிரைவருக்கும் கிளார்க்குக்கும் தகராறு வந்தது. ஐந்தாம் நாள், முட்டை என்ற சொல்லைக் கேட்டதும் குருசாமி எழுந்து போனான்.

அதற்குள் வீட்டில் ஒரு பெட்டை செத்தது. பக்கத்துச் சரிவில் ஏதோ விசேஷத்துக்கு வெடி போட, அது எம்பி, சாக்கு விலகியிருந்த இடத்தில் மண்டையை மோதிக்கொண்டது. அழகுத்தாய் அதை வாழையிலையில் சுற்றி ஆபீசுக்குக் கொண்டு போனாள்.

"இருநூத்திப் பத்து" என்று சொல்லி மேசையில் வைத்தாள்.

ரேஞ்சர் இலையைத் திறந்து பார்த்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இயற்கை மரணமா, கொலையா என்று போஸ்ட்மார்ட்டம் வேண்டும். அதற்கு டாக்டரிடம்தான் போக வேண்டும். இந்தமுறை அவரே இலையை எடுத்துக்கொண்டு மிருக ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

"இதுக்கு ரிப்போர்ட் தரேன் சார். மண்டையில அடிபட்டிருக்கு" என்றார் டாக்டர் ஜெஸ்னா. "ஆனா இந்தப் பறவை என்ன இனம்னு நீங்க ஏன் இன்னும் கேட்கல?"

"அன்னைக்கே லெட்டர் அனுப்பியாச்சே."

ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு பெட்ரோல் பங்கும் இரண்டு கடையும்தான் இருந்தன. ஆனால் கடிதம் நேராக வர முடியாது. மேலே உள்ள ஆபீசுக்குப் போய், அங்கிருந்து இன்னும் மேலே போய், இந்தத் துறையிலிருந்து அந்தத் துறைக்குத் தாவி, படிப்படியாக இறங்கி வர வேண்டும். ஏறிக்கொண்டிருக்கிறதா இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. ரேஞ்சர் நின்றபடியே ஒரு காகிதத்தில் புதிதாக எழுதி, கையிலேயே கொடுத்தார். அவருடைய பணிக்காலத்தில் அவர் செய்த முதல் முறைகேடு அது.

மறுநாள் டாக்டர் வீட்டுக்கு வந்து கூண்டுகளைப் பார்த்தார். ரேஞ்சரும் வந்தார். கருத்தப்பாண்டி தெருமுனை வரை வந்து, ஜீப்பைக் கண்டதும் திரும்பிவிட்டார்.

"புத்தகத்தில பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு மேடம்" என்றார் ரேஞ்சர்.

டாக்டர் இறகைப் பார்த்தார், எடை பார்த்தார், ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு அழகுத்தாயிடம் திரும்பினார். "அக்கா, இத்தனை முட்டை போட்டிருக்கே, ஏதாவது ஒண்ணு அடைக்கு உட்கார்ந்துச்சா?"

"எங்க டாக்டரம்மா. போட்டுட்டு அதும்பாட்டுக்குப் போயிரும். காலுல மிதிபட்டாக்கூடத் திரும்பிப் பாக்காது."

"காட்டுக் காடைன்னா உட்கார்ந்து பொரிக்கும் சார். இல்லைனா காட்டுல அதோட இனமே இருக்காது. இதுங்க பண்ணையிலயே தலைமுறை தலைமுறையா இருந்து, அடை காக்கிறதையே மறந்துபோச்சு."

அழகுத்தாய் நடுக்கூண்டைத் திறந்துவிட்டாள். ரேஞ்சர் பதறி ஓரடி முன்னால் வந்தார். பத்துப் பன்னிரண்டு காடைகள் மண்ணில் இறங்கின. வேலிக்கு அந்தப்புறம் தேயிலை, அதற்கு மேலே காடு. ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை. தீனிச்சட்டி எங்கே என்று தேடி, அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு பெட்டை ரேஞ்சரின் பூட்ஸ் ஓரமாகக் குந்தியது. அவர் அசையாமல் நின்றார். அது எழுந்து போனபோது அந்த இடத்தில் ஒரு முட்டை கிடந்தது.

"ஒப்பு போட்டுத் தாங்க சார்" என்றாள் அழகுத்தாய்.

நான்கு நாள் கழித்து விடுவிப்பு உத்தரவு வந்தது. இருநூற்றுப் பத்து பறவைகளும் வெளிநாட்டு வம்சத்தைச் சேர்ந்தவை என்றும், வனத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்றும், பறிமுதல் காலத்து முட்டைகள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன என்றும் எழுதியிருந்தது. ஒப்பு போட அழகுத்தாயைக் கூப்பிட்டார்கள். ஆபத்து நீங்கிவிட்டதை விசாரித்துத் தெரிந்துகொண்ட கருத்தப்பாண்டி, விழாவுக்குப் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

"உடமஸ்தன் பேர்?" என்று கிளார்க் கேட்டார். உடைமைக்காரர் யார் என்று அர்த்தம். கருத்தப்பாண்டி தொண்டையைச் செருமினார்.

"அழகுத்தாய்" என்றாள் அவள்.

"பர்த்தாவோட பேரும் எழுதணும்."

"எழுதிக்கிடுங்க. ஆனா அவுகளுக்கும் காடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல சார். அவுகளே வாயால சொல்லி, ஒங்க மகஸர்ல இருக்கு. மாத்துனா சட்டப்படி தப்பாயிரும்."

கிளார்க் ரேஞ்சரைப் பார்த்தார். சட்டப்படி அது சரி என்று ரேஞ்சர் தலையாட்டினார். கருத்தப்பாண்டி பஸ் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. இருபத்தெட்டு வருட வாட்ச்மேன் வேலையிலும் அப்படி ஒரு அரைமணி நேரம் வந்ததில்லை.

அதன்பிறகும் டீக்கடை இருந்தது, அவரும் போனார். வனத்துறையைத் தான் எதிர்கொண்ட விதத்தைப் பற்றி ஒரு வாரம் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த ஜோமோள் வீட்டுக்கு வந்து, "கருத்தப்பாண்டிச் சேட்டன் ரேஞ்சர்கிட்ட சட்டம் பேசினதா சொல்றாரே, நிஜமா சேச்சி?" என்று கேட்டாள்.

"பேசினாக" என்றாள் அழகுத்தாய். "அம்புட்டையும் வெளக்கமாத்தான் சொன்னாக."

தை மாதம் இரண்டாவது தொகுதிக் குஞ்சுகள் வந்தன. இந்த முறை முந்நூறு. பில்லில் ஜப்பான் என்று எழுதச் சொல்லி வாங்கியிருந்தாள். காலை பஸ்ஸில் பெட்டிகள் இறங்கிய நேரத்தில் கருத்தப்பாண்டி டீக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவள் வாசலில் ஒரு பலகையைப் போட்டு, தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, உட்காரச் சொன்னாள்.

"ஒவ்வொண்ணா எடுத்து மூக்க மட்டும் தண்ணில தொட்டு விடுங்க. குடிக்கப் பழகிக்கிரும். தலைய முக்கிராதீக."

அவர் ஒரு குஞ்சை எடுத்தார். உள்ளங்கையில் அது இருப்பதே தெரியவில்லை. கால் நடுங்கிக்கொண்டிருந்தது. மூக்கைத் தொட்டுவிட்டதும் அது தலையைத் தூக்கி விழுங்கியது.

"குடிச்சிருச்சு" என்றார் அவர் ஆச்சரியமாக. "அதாவது புள்ள, இந்தக் காடை இருக்கே, இதோட மனச..."

"இன்னும் இருநூத்தித் தொண்ணூத்தொம்பது இருக்கு" என்றாள் அழகுத்தாய், அடுத்த குஞ்சை அவர் கையில் வைத்து.